மணிக்கூட்டுப் பூவும் ஒரு கருவண்டும்

விறாந்தையின் நடுவில், புதுப் பாய் ஒன்றின்மேல், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டி.

புதுத் தகரம். கடும் பச்சைப் பூச்சு. அதன் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் பித்தளைக் கைபிடி. மூடியில் பூவில்லை, கரையில் கொடியில்லை, வெறும் பச்சை. இரவு பெய்த மழை திகனையின் கூரைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளறையில் மிளகும் கிராம்பும் சாக்குச் சாக்காக அடுக்கியிருந்ததால் அந்த வீட்டில் மூச்சு விட்டாலே பசிக்கும்.

“இதுல நீதான் வரஞ்சி தரணும்,” என்றாள் ஸலீமா. அவள்தான் கலியாணப் பெண். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

“ரோசாவோ?”

“ரோசாப் பெட்டி கண்டி முழுக்க ஈக்குது. எந்த ஊட்டுக் கட்டிலுக்குக் கீழ குனிஞ்சி பாத்தாலும் ரெண்டு ரோசா ஈக்கும். எனக்கு எங்கட பின்வளவுப் பூ வேணும். அப்பிடியே வேணும்.”

“அப்பிடியே எண்டால் அப்பிடியே,” என்றேன். எனக்கு அப்போது எதையும் யோசித்துச் சொல்லும் பழக்கம் இல்லை. இப்போதும் பெரிதாக இல்லை.

ஸலீமாவின் வாப்பா படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “வியாழக்கிழம அஸர் தொழுதுட்டுப் பெட்டிய தெல்தெனியாவுக்கு ஏத்தணும் மகள். அதுக்குள்ள ஏலுமெண்டா வரைங்க. ஏலாதெண்டா டவுன்ல ரோசாப் பெட்டி ஒண்டு சொல்லி வச்சீக்கிறன்.”

அந்தக் குடும்பத்து வழக்கம் அது. பெண்ணுக்கு முன்னே பெட்டி மாப்பிள்ளையின் ஊருக்குப் போகும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, மூடியைத் தடவி, கரையைத் தட்டி, வரப்போகிறவள் எப்படிப்பட்டவள் என்று பெட்டியிடமே கேட்டுக்கொள்வார்கள்.

வாப்பா வாசற் படலையைத் தாண்டியதும் ஸலீமா என் காதோடு சொன்னாள்: “ரோசாவோட போனா நான் போன மாதிரி இல்லடி. யாரோ போன மாதிரி.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி சிரிக்கவில்லை.

அப்பாவின் ஆட்சேபம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில், நான் குளக்கட்டு ரோட்டில் சைக்கிள் பழகி ஒரு பாதிரியாரின் விரித்த குடைக்குள் போய் விழுந்த கதையை எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு அப்பா கேட்டார்: “இருபத்துநாலு வயதில என்ன பிள்ளை நினைவுக் குறிப்பு? நினைக்கிறதுக்கு முதல் ஏதேனும் நடக்க வேண்டாமோ?”

அப்பா கண்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர். எந்த வண்டியும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் மனதில் அது புறப்பட்டதாகக் கணக்கு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நடக்கும்போதே எழுத வேண்டும்; கொஞ்சம் பிந்தினாலும் நிறம் மாறிவிடும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அந்த அனுபவம்தான் இந்த வாரக் கதை.

பூவை வரைய மூன்று கட்சி

அந்தக் காலத்தில் (பெரிய காலம் ஒன்றுமில்லை, நான் பள்ளிக்கூடம் விட்ட மறு வருஷமோ அதற்கடுத்ததோ) பூ வரைபவர்களை நான் கட்சி கட்சியாகப் பிரித்து வைத்திருந்தேன்.

முதல் கட்சி எங்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர ரீச்சர். கண்ணாடித் தம்ளரில் ஒரே ஒரு பூ. பின்னால் கறுப்புக் கடதாசி. ஒரு கண்ணை மூடு, பென்சிலை நீட்டி அள, இதழை எண்ணு, அதற்குப் பிறகு தூரிகையைத் தொடு. எண்ணாமல் தொட்டவளுக்கு ரீச்சரின் பார்வையே போதும், வர்ணம் காய்ந்துவிடும்.

இரண்டாம் கட்சி குளக்கரையில் குடை நட்டு உட்காரும் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார அம்மாமார். ஒருத்தி கொன்றை மரத்தை வரைவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். கடதாசி முழுக்கத் தண்ணீர். தண்ணீரில் மஞ்சள். மஞ்சள் ஓடுகிறது, அம்மா கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்க்கிறாள். பூ எங்கே, காம்பு எங்கே என்று எனக்குக் கை பரபரத்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினால் அந்த மஞ்சள்தான் தெரிந்தது, அது வேறு விஷயம்.

மூன்றாவது ஒரு மனிதர். ரீச்சர் எங்களைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போனபோது, ஈரத் துணி சுற்றிய ஓர்க்கிட் பூவை அவர் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பூவின் இதழில் புழு தின்ற ஓட்டை ஒன்று. படத்தில் ஓட்டை இல்லை. நான் சும்மா இருப்பேனா?

“ஓட்டையை விட்டிட்டீங்களே?”

அவர் சிங்களம் கலந்த தமிழில், தலை நிமிராமல் சொன்னார்: “ஓட்டை இந்தப் பூவுக்கு மட்டும் சொந்தம், நோனா. நான் வரையிறது இந்தப் பூ இல்ல, இந்த ஜாதி.”

பார்த்துக்கொண்டே பார்க்காததை வரைகிறாரே என்று எனக்கு ஒரே கோபம். நான் அசைக்க முடியாத முதல் கட்சி. கண்ணால் கண்டது மட்டும்தான் கடதாசியில் வரும். ஓட்டை இருந்தால் ஓட்டையும் வரும்.

இந்தக் கொள்கையையும் வர்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் திகனைக்கு பஸ் ஏறியிருந்தேன்.

யார் பூவை மாற்றியது?

செவ்வாய்க்கிழமை காலை ஸலீமா பின்வளவிலிருந்து ஒரு பூவைப் பறித்துக் கொண்டுவந்தாள். உள்ளங்கையளவு அகலம். சுத்த வெள்ளை. நடுவில் மஞ்சள் தூள் தூவிய தண்டு. செவ்வரத்தைக்கு நெருங்கிய சொந்தம் என்று பார்த்ததும் சொல்லலாம். இலை மட்டும் பருத்தி இலை போலச் சொரசொரப்பு.

முதலில் நேரே தகரத்திலேயே தொட்டுப் பார்த்தேன். என் தண்ணீர் வர்ணம் சேம்பிலையில் மழை விழுந்ததுபோல உருண்டு பாயில் இறங்கியது. ஸலீமாவின் தங்கைகள் இரண்டுபேர் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். சரி, முதலில் கடதாசி. பிறகு தகரத்துக்கு எனாமல் என்று முடிவு செய்தேன்.

தம்ளர் வைத்தேன். கறுப்புக் கடதாசி வைத்தேன். ஒரு கண்ணை மூடினேன். இதழ் இதழாக, நரம்பு நரம்பாக, பென்சிலால் இறங்கினேன். வெள்ளைப் பூவில் வெள்ளையை வரைய முடியாது. நிழலைத்தான் வரைய வேண்டும். மெல்லிய சாம்பல், கொஞ்சம் நீலம். ரீச்சர் கண்டிருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்.

நிமிர்ந்து பார்த்தால் பூவின் ஓரத்தில் ஒரு சிவப்புச் சாயல்.

கொடியில் காய்ந்த சிவப்புப் புடவையின் பிரதிபலிப்பு என்று நினைத்தேன். “உந்தப் புடவையைக் கொஞ்சம் எடுங்கோ,” என்றேன். எடுத்தார்கள். சாயல் போகவில்லை. தூரிகையைக் கழுவினேன். தம்ளர்த் தண்ணீரை மாற்றினேன். கண்ணைக் கழுவினேன். இடையில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், வட்டிலப்பம் இருந்தது. (அதில் முட்டை உண்டு என்பது எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவர் படிப்பதில்லை.) திரும்பி வந்து பார்த்தால், பூ வெட்கப்பட்ட குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

“இது நான் வைச்ச பூ இல்லை! யாரோ மாத்திப்போட்டினம்!”

“ஆர் மாத்துறது?” என்றாள் ஸலீமா, முகத்தைப் பால்போல வைத்துக்கொண்டு. “நீயே போய் மரத்துல ஒரு வெள்ளப் பூப் புடுங்கிக்கிட்டு வா.”

ஓடினேன். மரம் முழுக்க ரோசா நிறம். ஒரு வெள்ளை இல்லை. மரத்தைச் சுற்றினேன். வீட்டைச் சுற்றினேன். பக்கத்து வளவு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் இருந்த தங்கைகள் இப்போது நிலத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காசிம் நானா வருகிறார்

சாயங்காலம் காசிம் நானா வந்தார். கண்டி டவுனில் தகரப் பெட்டிகளுக்குப் பூப் போடுகிறவர் அவர்தான். பெட்டியின் கரைக்கு வேலைப்பாடு செய்ய வாப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய உடம்பு, சின்னத் தொப்பி, வாய் நிறையப் பாட்டு. எனாமல் டின்களைத் தாரை தம்பட்டம் மாதிரி தட்டிக்கொண்டே படியேறினார். தன்னைவிடப் பெரிய சித்திரக்காரன் மலைநாட்டில் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அதைத் தானே சொல்லியும் கொள்வார்.

என் படத்தைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். தம்ளரில் இப்போது இருந்தது பீட்ரூட் நிறப் பூ.

“தங்கச்சி, கண்ணுக்கு மருந்து ஏதும் போடுறீங்களா?”

“இல்லையே, ஏன்?”

“செவப்புப் பூவ வச்சிக்கிட்டு வெள்ளயா வரைறீங்களே, அதான் கேட்டன்.”

“காலமை உது வெள்ளை, நானா! சத்தியமா வெள்ளை!”

“பூவப் பாத்துப் பூ வரைறவன், ஆட்டப் பாத்துக்கிட்டே கறி ஆக்கிறவன் மாதிரி. பாத்துக்கிட்டே ஈக்கலாம். கறி வராது. இங்க பாருங்க.”

தூரிகையை எடுத்தார். ஒரு பழைய தகரத் துண்டில் ஒரு சிவப்பு வட்டம். அதைச் சுற்றி ஐந்து இழுப்பு. நடுவில் ஒரு வெள்ளைச் சுழி. பாட்டின் ஒரு அடி முடிவதற்குள் ரோசா பூத்துவிட்டது.

“இது என்ன இன ரோசா?” என்றேன் எரிச்சலோடு.

“பெட்டி ரோசா. வாடாது, முள்ளு குத்தாது, மழக்கிப் போவாது. அல்லா படச்சதுல இல்ல, காசிம் நானா கையில மட்டும் ஈக்குது.”

“இஞ்ச பாருங்கோ, இருக்கிற பூவை விட்டிட்டு...”

“எந்தப் பூவ? காலயில ஒண்டு, பகல்ல ஒண்டு எண்டு நீங்களே சொல்றீங்க. நிண்டு நிதானிச்சி ஒரு நெறத்துல ஈக்கத் தெரியாத பூவ என்னண்டு வரைறது?”

இந்தச் சண்டைக்கு நடுவில் ஸலீமாவால் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். சிரித்து முடித்து, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அது மணிக்கூட்டுப் பூடி. நாங்க அப்பிடித்தான் சொல்ற. காலயில வெள்ள, பகலைக்கி ரோசா, அந்திக்குச் செவப்பு. சின்னதுல நான் இதப் பாத்துத்தான் நேரம் சொல்லுவன். ரோசா வந்தா வாப்பா சோத்துக்கு வருவாங்க. செவத்தா வெளக்குக்கு எண்ண ஊத்தணும்.”

“ஏன் முதலே சொல்லேல்ல?”

“சொன்னா நீ இப்பிடி ஓடியிருப்பியா?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பூ ஒரு நாளில் குழந்தையாக, குமரியாக, மணப்பெண்ணாக மாறுகிறது. அதைப் பார்த்தபடியே இருந்தும் நான் புடவையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்! விறாந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். காசிம் நானா எனாமல் டின்களை அவசரமாக ஒதுக்கி வைத்தார்.

“தெல்தெனியாவில மணிக்கூடு இல்லையோ?” என்று பிறகு கேட்டேன்.

“ஈக்கும். ஆனா அது டிக் டிக்குண்டு கரச்சல் பண்ணும். இது சத்தம் போடாம வயசுக்கு வருமே.”

கம்பு வெட்டிக் கொண்டுபோய் நடலாமே என்றேன். வாப்பா மாரி வந்ததும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாராம். “அது புடிச்சி, வளந்து, பூக்கிற வரைக்கும்? அது வரைக்கும் எனக்கு ஆரு நேரம் சொல்ற?”

எந்த நேரத்தை வரைவது?

அன்று அந்தி, வீட்டில் ஒரு மகாநாடு.

வெள்ளைதான் அழகு என்றார் வாப்பா. கலியாணப் பெட்டியில் சிவப்புத்தான் எடுப்பு என்றார் பெரியும்மா. ஸலீமாவின் உம்மாவுக்கு மூத்த சகோதரி அவர். அந்த வீட்டில் உப்பின் அளவிலிருந்து மாப்பிள்ளையின் அளவு வரைக்கும் முடிவு அவருடையது. “ரோசா நெறம் எண்டா ரோசாவே வரைஞ்சிடலாம், நம்மட வேல லேசு,” என்றார் காசிம் நானா.

ஸலீமாவின் முறை வந்தது. என்னைப் பார்த்தாள். ஒரு நிறத்தை எடுத்தால் மற்ற இரண்டு நேரத்தையும் அவளிடமிருந்து பறித்ததாக ஆகும்.

“மூண்டையும் வரைவம்,” என்றேன். “ஒரே கிளையில. கீழ வெள்ளை, நடுவில ரோசா, நுனியில சிவப்பு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்படி ஒரு கிளை அந்த மரத்தில் எந்த நேரத்திலும் இருந்ததில்லை. காலையில் எல்லாம் வெள்ளை, அந்தியில் எல்லாம் சிவப்பு. கண்ணால் கண்டதை மட்டும் வரைவேன் என்ற நான், யாரும் காணாத ஒரு கிளையை வரையப் போகிறேன். பேராதனையில் ஓட்டையை விட்டுவிட்ட அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்து, தலை நிமிராமல் சிரித்தார்.

காசிம் நானா தொடையில் தட்டினார். “அப்ப நீங்களும் நம்மட கட்சி!”

“இல்லை நானா. மூண்டு பூவையும் பாத்துத்தான் வரைவன்.”

“பாருங்க, பாருங்க. நல்லாப் பாத்துட்டு இல்லாததை வரைங்க.”

பல்பொடி நிறம்

புதன்கிழமை முழுக்க நாங்கள் இருவரும் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தோம். மண்ணெண்ணெய் வாசம் தலைக்கேறியது. எனாமல் என் தண்ணீர் வர்ணம் போலப் பேச்சுக் கேட்காது. தேன் மாதிரி இழுக்கும், பிறகு தன்பாட்டில் ஓடும். தூரிகையைப் படுக்கவைத்து, ஒரே இழுப்பில், மூச்சை விடாமல் எடுக்க வேண்டும். நான் அளக்கத் தொடங்குவதற்குள் காசிம் நானாவின் இலை காய்ந்துகொண்டிருக்கும்.

“எண்ணாதீங்க தங்கச்சி, எண்ணாதீங்க! கை நடுங்குது பாருங்க!”

“இலையில நரம்பு எங்க, நானா?”

“நரம்பு உள்ளுக்கு ஈக்குது.”

வெள்ளைப் பூவைக் காலை வெள்ளையைப் பார்த்து முடித்தேன். நடுப்பூதான் தகராறு. சிவப்பையும் வெள்ளையையும் காசிம் நானா எப்படிக் கலந்தாலும் பல்பொடி நிறம்தான் வந்தது. கடைசியில் பகல் பூவொன்றைப் பறித்துத் தகரத்தோடு ஒட்டிப் பிடித்தோம். ஒரு துளி மஞ்சள் விட்டேன். அவர் அதிசயமாகப் பார்த்தார். இன்னொரு துளி விட்டார். தங்கைகள் பூவைப் பிடித்துக்கொண்டு, “மாறுது, மாறுது, கெதியா!” என்று கத்தினார்கள். பூ மாறுவதற்கு முன் அதே நிறம் தகரத்தில் இறங்கியது. எங்கள் இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் “ஆ!” வந்தது. அந்த நேரத்தில் எங்களுக்குள் கட்சி எதுவும் இருக்கவில்லை.

அந்திக்குள் சிவப்பும் முடிந்தது. கடைசி ஒளியில் ஸலீமா பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, கீழிருந்து மேலாக விரலைத் தொடாமல் நகர்த்தினாள். “சுபஹு, லுஹர், மஃரிபு,” என்று தொழுகை நேரங்களை முணுமுணுத்தாள். பிறகு எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

வண்டு

வியாழக்கிழமை காலை எல்லாம் முடிந்திருந்தது. அங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

சிவப்புப் பூவின் காம்பருகே ஒரு சின்ன வெற்றிடம். அதற்கு என்ன வைக்கலாம் என்று பின்வளவு மரத்தடியில் நின்றபோது, ஒரு கருவண்டு வந்தது. மரத்தைத் துளைக்குமே, அந்தப் பெரிய வண்டு. கன்னங்கரேல் உடம்பு, சிறகில் நீல மினுக்கம். காம்பின் நுனியில் வந்து உட்கார்ந்ததும் கிளையே பாரத்தில் ஆடியது.

ஓடினேன். தூரிகையைப் படுக்கவைத்தேன். அளக்கவில்லை, எண்ணவில்லை, மூச்சு விடவில்லை. நாலைந்து இழுப்பில் வண்டு பெட்டியில் வந்து உட்கார்ந்தது. என் கையிலிருந்து அதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை. தொட்டால் பறந்துவிடும்.

“இதென்ன?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெரியும்மா.

“வண்டு, பெரியும்மா,” என்றேன் பெருமையாக.

கூரையில் காகம் நடப்பது கேட்டது.

“உசிருள்ளதயா வரஞ்சீக்கிறீங்க?” என்றார் பெரியும்மா மெதுவாக. “பூவு வேற மகள். இது வேற. மாப்புளட வாப்பா பள்ளிவாசல்ல ஓதிக் குடுக்கிற லெப்ப. அந்த ஊட்டு வாசலுக்குள்ள உருவம் வரஞ்ச பெட்டி போறதா?”

பள்ளிக்கூடத்தில் எனக்கு இதழை எண்ணச் சொல்லித் தந்திருந்தார்கள். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. துணியை எடுத்தேன். “துடைச்சுப்போடுறன்.”

“தொடாதீங்க!” என்று கத்தினார் காசிம் நானா. “செவப்பு இன்னும் பச்ச ஈரம். வண்டத் தொடச்சா பூவும் கூட வந்துரும்.”

வாப்பா தொப்பியை எடுத்தார். “என்ன செய்ற மகள். நல்லாத்தான் வரஞ்சீங்க. நான் டவுனுக்குப் போய் ரோசாப் பெட்டிய ஏத்திக்கிட்டு வாறன்.”

கதவு நிலையில் ஸலீமா நின்றாள். அழவில்லை. “பரவாயில்லடி,” என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வாப்பா படலையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“ஹாஜியார், கொஞ்சம் நில்லுங்க,” என்றார் காசிம் நானா.

பாட்டு நின்றிருந்தது. பெட்டியின் முன் குந்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை வரைவதற்கு முன்னால் உற்றுப் பார்த்தார். பிறகு பச்சை டின்னில் தூரிகையை நனைத்தார். வண்டின் முதுகில் ஓர் இழுப்பு. ஈரக் கறுப்போடு சேர்ந்து கடும் பச்சையாகியது. விரிந்த இரண்டு சிறகும் இரண்டு புல்லி இதழாயின. கால்கள் காம்பு மயிராயின. உச்சியில், உள்ளே மடித்து வைத்த நாளைய வெள்ளை எட்டிப் பார்ப்பதுபோல, ஒரு சின்னப் பொட்டு.

பெரியும்மா குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“இதென்ன, இப்பிடிக் குண்டா?”

“மொட்டு, தாத்தா,” என்றார் காசிம் நானா, அக்காவைக் கூப்பிடும் முறையில். “நல்ல மழையில்லயா, கொழுத்திட்டுது.”

பெரியும்மாவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா, வேறெதுவுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “மொட்டு எண்டா மொட்டுத்தான்,” என்றார். “வெயில்ல வைங்க, காயட்டும்.”

அஸர் முடிந்து பெட்டி லொறியில் ஏறியது. ஸலீமா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தாள். “நான் போறன்,” என்றாள், பெட்டி போன வழியைக் காட்டி.

காசிம் நானா டின்களைக் கட்டிக்கொண்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நல்ல வண்டு, தங்கச்சி. மூட மனசு வரல்ல.” அடுத்த நிமிஷம் பழைய காசிம் நானா: “அடுத்த மாசம் பாருங்க. கண்டி முழுக்க மூணு நெறப் பூத்தான். மலநாட்டுலயே முதல்ல வரஞ்சது நான்.”

கொழுத்த மொட்டுகள்

அவர் சொன்னதைச் செய்தார். பிறகொரு தடவை ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் முத்தம்மா என்ற பெண் தன் பெட்டியைப் பெருமையோடு இழுத்துக் காட்டினாள். வெள்ளை, ரோசா, சிவப்பு. நடுவில் அதே ஒரு துளி மஞ்சள். காம்பருகே, குண்டாக, கடும் பச்சையில், அது.

“கண்டியில வாங்குனோங்க. பூவு நல்லா இருக்குதுங்களா? இந்தா ஓரத்துல உருண்டையா இருக்கு பாருங்க, அதுதான் என்னான்னு வெளங்கல. ஏதோ காயின்னு நெனைச்சுக்கிட்டோம்.”

காசிம் நானா மொட்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தார். கண்டிச் சீமை முழுக்க, கட்டில்களுக்குக் கீழே, என் வண்டு பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முத்தம்மா தேத்தண்ணி ஊற்றும்வரை நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

தெல்தெனியாவில் ஒரு காலை

இந்த வருஷம் மழை விட்ட பிறகு ஸலீமாவைப் பார்க்கப் போனேன். வாப்பா அனுப்பிய கம்புகளில் முதல் இரண்டும் பட்டுப்போய், மூன்றாவது பிடித்து, இப்போதுதான் முதல் தடவையாகப் பூத்திருந்தது.

அவளுடைய மகள் ரைஹானாவுக்குக் கோவையாகப் பேச்சு வந்து கொஞ்ச நாள்தான். பூ என்றால் அவளுக்குப் பெட்டிப் பூ. அதில்தான் நிறங்களையே பழகியிருந்தாள். முற்றத்து மரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் முறைப்பாடு சொன்னாள்: “இதுல வெள்ள மட்டுந்தான் ஈக்குது. மத்ததெல்லாம் எங்க?”

“வரும். பாத்துக்கொண்டிரு.”

அவள் மரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸலீமா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமா, அந்த லெப்பைதான், சாய்வுக் கதிரையில் கண்ணை மூடித் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு கருவண்டு வந்து காம்பு நுனியில் அமர்ந்தது. கிளை ஆடியது. ரைஹானா விரலை நீட்டினாள். அது அவளுக்குத் தெரிந்த ஒன்றுதான். தினமும் பெட்டியில் பார்க்கிற ஒன்று.

வண்டு சிறகை விரித்து எழும்பியது.

“உம்மா!” என்று அவள் துள்ளி எழுந்தாள். “உம்மா, மொட்டு பறக்குது!”

சுளகு நின்றது. ஸலீமா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். இருவரும் மெதுவாக லெப்பையின் பக்கம் திரும்பினோம்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மணி ஒன்று விரலைத் தாண்டியது.

“பறக்கத்தானே வேணும்,” என்றார். “பெட்டி வந்து எறங்கின அண்டைக்கே அது சிறகத் தூக்கிக்கிட்டுத்தான் ஈந்திச்சி.”